பிள்ளைங்க இஷ்டம்

அக்கா, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இதில் முக்கால்வாசி நான் கண்ணால் பார்க்காதது. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருக்கிற சுகந்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுகந்திக்கு அவளுடைய அண்ணி ஜெயக்கொடி சொன்னது. அண்ணி அழுதுகொண்டே சொன்னதை இவள் கோபமாகச் சொன்னாள். நான் இப்போது பஸ்ஸில் பயந்துகொண்டே சொல்கிறேன். இடையில் கொஞ்சம் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம்.

நீங்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பச்சை கேட் பள்ளி எப்படி என்று கேட்டதால்தான் வாயைத் திறக்கிறேன். நல்ல பள்ளி என்று நான் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. கேட்டதைச் சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எங்கள் வீட்டில் முதல் டிகிரி நான்தான். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் சொன்னதாக மட்டும் அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ஜெயக்கொடி நர்ஸ். ஒட்டன்சத்திரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வீட்டுக்காரர் அழகர் காய்கறி மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே பெண் குழந்தை, நிறைமதி. பேச ஆரம்பித்தால் நிறுத்தாது. அந்தக் குழந்தையைத்தான் பச்சை கேட்டில் சேர்த்தார்கள். சேர்க்கும்போது, பள்ளியை நடத்துகிற ஹேமலதா மிஸ், "வீடு எங்கங்க?" என்று கேட்டாராம். ஜெயக்கொடி, "ரயில்வே கேட் தாண்டி" என்றாள். பொய் இல்லை. ரயில்வே கேட் தாண்டித்தான் அவர்கள் காலனி. காலனி என்று வாயில் வரவில்லை, அவ்வளவுதான். அப்ளிகேஷனில் சாதி எழுத இடமே இல்லை. அதில் ஜெயக்கொடிக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கு என்னவோ அதைக் கேட்டதுமே சந்தேகம்தான். எழுதச் சொல்லாதவர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

நீங்கள் எந்தப் பக்கம் வீடு பார்த்திருக்கிறீர்கள் அக்கா? சும்மாதான் கேட்டேன்.

அந்தப் பள்ளியின் முறை வித்தியாசமானது. ஏ பி சி டி எழுதச் சொல்ல மாட்டார்கள். தினமும் கொஞ்ச நேரம் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்து, நடுவில் காகிதம், சாயம், பசை, வெண்டைக்காய்க் காம்பு, இலை, மணல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். மாதிரி காட்ட மாட்டார்கள். திருத்த மாட்டார்கள். "இது என்ன, யானையா?" என்று யாராவது அம்மா கேட்டால்கூட மிஸ்ஸுக்குப் பிடிக்காது. "கேக்காதீங்க. அவங்க என்ன நினைச்சாங்களோ அதுதான். பிள்ளைங்க இஷ்டம்" என்பார். செய்து முடித்ததை வராந்தாவில் கயிறு கட்டித் துணி கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்கள்.

அதன் பிறகு பலகாரம். அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டு வர வேண்டும். சுண்டல், அவல், கிழங்கு, இந்த மாதிரி. ஒரு குட்டை மேசையில் கிண்ணத்தோடு வைத்துவிடுவார்கள். வேண்டிய பிள்ளை எடுத்துச் சாப்பிடலாம், வேண்டாத பிள்ளை சாப்பிட வேண்டாம். வாயில் திணிக்கிற வேலையே கிடையாது. அதுவும் பிள்ளைங்க இஷ்டம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜெயக்கொடிக்கும் நன்றாகத்தான் இருந்தது.

அவளுடைய முதல் முறை வந்தபோது பாசிப்பயறு சுண்டல் செய்தாள். முதல் நாளே ஊற வைத்து, குழையாமல் அவித்து, காரம் போடாமல், தேங்காய் நிறையப் போட்டு, மேலே கடுகு தாளித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சாயங்காலம் பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. ஒரு பருப்பு மிச்சமில்லை. அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் படவில்லை. அழகரிடம் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினாளாம்.

மறுநாள் குழந்தையை விடப் போனாள். வராந்தாக் கயிற்றில் புதுப் படங்கள் தொங்கின. கிட்டப் போய்ப் பார்த்தாள். ஒரு படத்தில் வட்டமாக ஒரு முகம். முகம் முழுக்கப் பாசிப்பயறு. அடுத்ததில் மலை மாதிரி ஏதோ, அதுவும் பயறு. எல்லாம் பயறு. கடையில் வாங்கின வேகாத பயறாக இருக்கும் என்று முதலில் நினைத்தாளாம். தொட்டுப் பார்த்தாள். தோல் வெடித்திருந்தது. அவித்தது. ஒரு முகத்துக்குக் கண் வைத்திருந்தார்கள். அது கடுகு. அவள் தாளித்த கடுகு, அக்கா.

மற்ற அம்மாக்கள் கொண்டு வந்த பண்டம் எதுவும் கயிற்றில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இல்லை. ஆனால் முந்தின நாள்களில் வந்தது கேசரியும் வாழைப்பழமும். கேசரியை எப்படி ஒட்டுவது? நான் சுகந்தியிடம் இதைக் கேட்டேன். அவள் என்னை முறைத்தாள். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டுமில்லையா?

ஜெயக்கொடி அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறைக்குட்டி, நேத்து பயறு எல்லாரும் சாப்ட்டாங்களா?"

"ஒட்டுனோம்."

"சாப்டலையா?"

"நான் சாப்ட்டேன். அப்புறம் ஒட்டுனேன்."

"தர்ஷன்?"

"அவன் பெருசா ஒட்டுனான். மிஸ் நல்லாருக்குன்னு சொன்னாங்க."

"சாப்ட்டானா, இல்லையா?"

"அம்மா, அவன் பாம்பு ஒட்டுனான்மா."

இதற்கு மேல் ஒரு சின்னப் பிள்ளையிடம் என்ன கேட்பது? கேட்டுக்கொண்டிருந்த அழகர் சிரித்தார். "உன் சுண்டலைக் கண்காட்சியில வச்சிருக்காங்க. சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு."

"விளையாடாதீங்க. நம்ம வீட்டுலேர்ந்து வந்ததைப் பிள்ளைங்களைச் சாப்பிட விடாமப் பண்ணியிருக்காங்க."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா நேராவே கேட்டுருவேனே."

"இந்தா, காய்ச்சல்னு வந்தா அந்த அம்மாவெல்லாம் உன்கிட்டதான கையை நீட்டுது? ஊசி போடுற கை, சுண்டல் செஞ்சா மட்டும் ஆகாதா?"

"ஊசி மருந்து நான் செஞ்சது இல்லையே" என்றாள் ஜெயக்கொடி.

அழகர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லையாம்.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே சந்தேகம். பள்ளி வாசலில் அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்து இவளைக் கண்டதும் நிறுத்தினால் சந்தேகம். நிறுத்தாமல் பேசினாலும், வேண்டுமென்றே பேசுகிறார்களோ என்று சந்தேகம். அந்த தர்ஷனுடைய அம்மா, பெரிய பைப் கடைக்காரர் வீடு, ஒரு நாள் நல்ல விதமாகத்தான் கேட்டாளாம்: "ரயில்வே கேட் தாண்டின்னா எந்தப் பக்கங்க? இடது கையா, வலது கையா?" ஜெயக்கொடி, "நேரா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நேராகப் போனால் அங்கே தண்டவாளக் கல் குவியல்தான் இருக்கிறது.

அங்கே ஆயா வேலை பார்க்கிற சரசுவைக் கேட்டுப் பார்த்தாள். "நான் பாத்திரம் கழுவுறவ. உள்ள போனது வயித்துக்குப் போச்சா, பேப்பருக்குப் போச்சான்னு எனக்கென்ன தெரியும் தாயி?" என்று சரசு உள்ளே போய்விட்டாள். நேரடியாகப் பதில் சொல்லாதவர்கள் பெரும்பாலும் எதையோ தெரிந்து வைத்திருப்பார்கள். இது என் கருத்து, ஜெயக்கொடி சொன்னதில்லை.

குழந்தையை நிறுத்திவிடலாம் என்று ஒரு யோசனை. ஆனால் ஆஸ்பத்திரி வேலை நேரத்துக்குக் குழந்தையை வைத்துக்கொள்ள அந்த ஊரில் வேறு இடம் கிடையாது. குழந்தைக்கோ அந்த இடம் உயிர். லீவு நாளில்கூடச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும். காரணம் இல்லாமல் நிறுத்தினால் நாளைக்கு, நாமே கெடுத்துவிட்டோமோ என்று இருக்கும். காரணம் நிஜம் என்றால் ஒரு நாள்கூட அங்கே விடக் கூடாது. எது என்று தெரிய வேண்டும். தெரிந்துகொள்ள அவளுக்குத் தோன்றிய வழிதான் இந்தக் கதையே.

முறுக்கா? வேண்டாம் அக்கா, பஸ்ஸில் எதுவும் சாப்பிட்டால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. தப்பாக நினைக்காதீர்கள். பிள்ளைக்குக் கொடுங்கள்.

அவளுக்கு மறுபடி முறை வந்தபோது நாவல்பழ சீசன். பழனி ரோட்டில் வண்டி வண்டியாக நிற்குமே, அதில் நல்ல பழமாகப் பார்த்து வாங்கினாள். பிள்ளைகள் தொண்டையில் சிக்கக் கூடாதென்று ஒவ்வொன்றாகக் கீறிக் கொட்டையை எடுத்தாள். மேலே கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை. இவள் விரலெல்லாம் ஊதா. பார்த்துக்கொண்டிருந்த அழகர், "இதையும் ஒட்டிட்டாங்கன்னா?" என்றார்.

"ஒட்ட முடியாது. சாப்ட்டா மறைக்கவும் முடியாது."

"எப்படி?"

நாக்கை நீட்டிக் காட்டினாள். கருநீலமாக இருந்தது.

நர்ஸ் இல்லையா அக்கா. தினமும் எத்தனை பேர் வாயைத் திறக்கச் சொல்கிறவள். வேறு ஒருத்திக்கு இந்த யோசனை வந்திருக்காது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டுப் பள்ளி விடுகிற நேரத்துக்கு முன்னாடியே போய்ப் பச்சை கேட்டை ஒட்டி நின்றாள். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கையெல்லாம் ஊதா. முழங்கை வரை ஊதா. சட்டையில், பாவாடையில், காதில், ஒரு பிள்ளைக்கு நெற்றி முழுக்க. எல்லாப் பிள்ளையும் பழத்தைத் தொட்டிருக்கிறது, பிசைந்திருக்கிறது, பூசியிருக்கிறது. ஆனால் அவளுக்கு வேண்டியது கை இல்லையே.

குனிந்து, சிரித்த முகமாக, "எங்க, ஆ காட்டு பார்ப்போம். நாக்கை நீட்டு. பல்லி மாதிரி" என்றாள்.

முதல் பிள்ளை நீட்டியது. இளஞ்சிவப்பு. அடுத்தது. இளஞ்சிவப்பு. அதற்கடுத்தது இவளை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "ஊசி ஆன்ட்டி! ஊசி வேணாம்!" என்று அலறியது. அது அழுததைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் சொல்லவா வேண்டும், வாசலே அழுகை. அழுகிற பிள்ளை வாயைத் திறந்துதானே அழும்? இவளுக்கு வேலை சுலபமாகிவிட்டது. எல்லாம் இளஞ்சிவப்பு. நிறைமதி நாக்கு மட்டும் நல்ல ஊதா. இன்னொரு சின்னப் பையனுக்கும் ஊதாவாக இருந்தது. ஆனால் அவன் கட்டை விரல் சூப்புகிற பையன். அதைச் சாப்பிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஜெயக்கொடியே சொன்னாள். அவ்வளவு நேர்மை.

"என்னங்க பண்றீங்க?" தர்ஷன் அம்மா வந்துவிட்டாள். "என் பிள்ளை வாயில என்ன பாக்குறீங்க?"

"இல்லைங்க, தொண்டை... சும்மா..."

"உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா பாருங்க. ரோட்டுல நிக்க வச்சு என்ன வாய் பாக்குறது? சட்டையைப் பாருங்க, இது எந்த சோப்புக்குப் போகும்? இதெல்லாம் ஒரு பண்டமா?"

அப்போது அந்த தர்ஷன், அவன் பாட்டுக்கு, அம்மா கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, நான் சாப்டவே இல்ல. பூசுனேன், அவ்வளவுதான்" என்றான். திட்டுக்குப் பயந்து சொல்கிற மாதிரி இல்லை, அக்கா. சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை, பாராட்டுவார்கள் என்று நிமிர்ந்து பார்க்குமே, அந்த மாதிரி.

தர்ஷன் அம்மா முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "சளி பிடிச்சிருக்கு அவனுக்கு. பழம் வேணாம்னு சொல்லியிருந்தேன்" என்றாள், யாரும் கேட்காமலே.

அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அதையும் சுகந்தி மறைக்கவில்லை, நானும் மறைக்கவில்லை. ஆனால் அத்தனை பிள்ளைகளுக்குமா ஒரே நாளில் சளி?

சத்தம் கேட்டு ஹேமலதா மிஸ் வெளியே வந்தார். ஜெயக்கொடிக்கு அதற்குள் கண் கலங்கிவிட்டது. இதுவரை யாரையும் அவள் நேருக்கு நேர் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

"மிஸ், என் பழத்தை ஒரு பிள்ளைகூட வாயில வைக்கலையே. அன்னைக்கு சுண்டலும் அப்படித்தான். ஏன் மிஸ்?"

மிஸ் சொன்னார்: "நான் யாரையும் சாப்பிடாதேன்னு சொல்ல மாட்டேங்க. சாப்பிடுன்னும் சொல்ல மாட்டேன். அது என் முறை இல்லை. சாப்பிடுறது, பூசுறது, எல்லாம் பிள்ளைங்க இஷ்டம்."

பேசும்போது ஜெயக்கொடி பார்த்தாள். மிஸ்ஸுடைய நாக்கு கருநீலமாக இருந்தது.

மேலே கேட்பதற்கு அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் மிஸ் சாப்பிட்டிருக்கிறார். அந்த மேசையில் உட்கார்ந்து, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், இவள் கீறி வைத்த பழத்தை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். இனி அந்த மனுஷியை என்ன சொல்லித் திட்டுவது? குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இதைச் சொல்லும்போதுதான் அண்ணி அழுதாள் என்று சுகந்தி சொன்னாள். எந்த இடத்துக்காக அழுதாள் என்று நான் கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

நான் ஒன்று நினைத்தேன். நாவல்பழ சீசன் அது. வண்டியில் வாங்கியும் தின்றிருக்கலாம் இல்லையா? சுகந்தியிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

அடுத்த வாரம் குழந்தையை விடப் போனபோது மிஸ் இவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. தோளில்கூடக் கை வைத்தாராம். "சட்டையில கறை, அது இதுன்னு நிறையப் பேர் சொல்றாங்க. இனிமே பிஸ்கெட் போதும்ங்க. பாக்கெட் பிரிக்காம அப்படியே கொண்டு வாங்க."

"எல்லாருமேவா மிஸ்?"

"பொதுவாத்தாங்க சொல்றேன்."

ஜெயக்கொடிக்கு மனசு லேசாகிவிட்டது. நிஜமாகவே, அக்கா. அழகர்தான், "நிறுத்திரலாம்டி, நம்ம பிள்ளைக்கு வேற பள்ளிக்கூடம் இல்லாமலா போயிரும்?" என்று நின்றார். அவள்தான் வேண்டாம் என்றாள். "இனி யார் வீட்டுச் சமையலும் இல்லை. கடை பிஸ்கெட். அதுல என் கை எங்க இருக்கு? எல்லாருக்கும் ஒண்ணுதான். நிறை அங்கயே இருக்கட்டும்."

அடுத்த முறைக்குப் பிஸ்கெட் பாக்கெட் கொண்டுபோனாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டது. தர்ஷன் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு சாப்பிட்டான். வாயைச் சுற்றித் தூள். சுகந்தியிடம் இதைச் சொன்னபோது அண்ணி அப்படிச் சிரித்தாளாம். "நான்தான் தேவையில்லாமப் போட்டுக் குழப்பிக்கிட்டேன். அந்தப் பழம் பிள்ளைங்களுக்குத் துவர்த்திருக்கும்" என்றாளாம். சுகந்தியும் சமாதானம் ஆகிவிட்டாள். அவர்கள் வீட்டில் இப்போது இந்தப் பேச்சே இல்லை. குழந்தை இன்னும் அங்கேதான் போகிறது, நன்றாக இருக்கிறது.

நான்தான் சும்மா இருக்கவில்லை. ஆடிட்டர் ஆபீஸ் புத்தி. மிஸ் சொன்ன அந்த "பொதுவாத்தான்" என்கிற வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு, அக்கா பிள்ளைக்கு அட்மிஷன் விசாரிக்க வந்ததாகச் சொல்லி உள்ளே போனேன். எனக்கு அக்கா கிடையாது. பலகார நேரம். ஒரு அம்மா குட்டை மேசைப் பக்கத்தில் நின்றுகொண்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்த அவித்த வேர்க்கடலையைக் கையால் அள்ளி அள்ளிக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இங்க பிஸ்கெட்தான் கொண்டு வரணுமாமே?" என்று கேட்டேன்.

"பிஸ்கெட்டா? யாருங்க சொன்னா? கடைப் பண்டமே உள்ள வரக் கூடாது. மிஸ் அதுல ரொம்ப ஸ்டிரிக்ட். முதல் நாள்லேர்ந்து வீட்டுல செஞ்சதுதான்" என்றார்.

அந்த அம்மாவுக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம் என்று அடுத்த வாரம் இன்னொரு முறை போய்ப் பார்த்தேன். அன்றைக்கு வெல்லம் போட்ட அவல்.